மெலோட்ரோன்: மாடிப்படியில் மறித்துக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு மாலைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலுள்ள என் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. குழலா, வயலினா, யாராவது அழுகிறார்களா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். மருமகன் கேட்டான். அலுவலகத்தில் கேட்டார்கள். மாடிப்படியில் நின்றபடியே ஒரே பதிலைப் பலமுறை சொல்லிக் களைத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். பகலில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். ஒரு வாத்தியத்தின் குரலிடம் முப்பது வருடங்களுக்கு மேலாக மனத்தைப் பறிகொடுத்திருப்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

மெலோட்ரோன் என்பது என்ன?

கட்டைகள் வைத்த ஒரு பெட்டி. வெளியே பார்த்தால் கோயிலடிச் சபாக்களில் இருக்கும் ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன்போல இருக்கும். ஆர்மோனியத்தின் கட்டையை அழுத்தினால் காற்று போய் ஒரு நாக்கை அதிரவைக்கும். பியானோவில் சுத்தியல் கம்பியில் அடிக்கும். மெலோட்ரோனின் கட்டையை அழுத்தினால் ஒரு டேப் ரெக்கோடர் ஓடத் தொடங்கும். அந்த நாடாவில் ஏற்கெனவே ஒருவர் வயலினிலோ குழலிலோ அந்த ஒரு சுரத்தை மட்டும் நீட்டி வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார். விரலை எடுத்தால் அவர் நிறுத்திவிடுவார்.

'மெலடி', 'எலெக்ட்ரோனிக்ஸ்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் இது. 1963இல் இங்கிலாந்தில் முதலாவது மாதிரி வந்தது.

ஒரே ஒரு டேப் ரெக்கோடரா?

இல்லை, அதுதான் இதன் பைத்தியக்காரத்தனம். 1970இல் வந்து அதிகமாக விற்பனையான எம்400 மாதிரியில் 35 கட்டைகள். கட்டைக்கு ஒரு நாடா, நாடாவுக்கு அதில் பதிந்த ஒலியைப் படிக்கும் ஒரு ஹெட். மோட்டார் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அது ஒரு நீண்ட உலோகத் தண்டை விடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும், யாரும் வாசிக்காவிட்டாலும்.

ஒரு கட்டையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அதன் அடியில் இரண்டு பொருட்கள் உண்டு: ஒரு சின்ன ரப்பர் உருளை, கம்பளித் துணி ஒட்டிய ஓர் அழுத்தி. விரல் இறங்கும்போது ரப்பர் உருளை நாடாவைச் சுழலும் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும். அழுத்தி அதே நாடாவை ஹெட்டின் மேல் படியவைக்கும். நாடா இழுபட்டு ஓடும், சத்தம் வரும். ஓடி முடிந்த பகுதி கீழே ஒரு பெட்டிக்குள் மடிந்து மடிந்து விழும். விரலை எடுத்ததும் மறுமுனையில் இருக்கும் ஸ்பிரிங் நாடாவைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். கிணற்றுக் கயிற்றை விட்டால் வாளி இறங்குமே, அந்த வேகம்.

நாடாவின் அகலம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. அதிலே மூன்று தடங்கள் அருகருகே கிடக்கும். உதாரணமாக ஒன்றில் வயலின்கள், அடுத்ததில் குழல், மூன்றாவதில் செலோ. முன்னால் உள்ள குமிழைத் திருகினால் 35 ஹெட்டுகளும் சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்து வேறொரு தடத்தில் போய் நிற்கும். குறும்புக்காரர்கள் இரண்டு தடங்களுக்கு நடுவில் நிறுத்துவார்கள். அப்போது குழலும் வயலினும் ஒன்றையொன்று நனைத்துக்கொண்டு வரும்.

நாடா முடிந்துபோனால்?

சத்தமும் முடிந்துபோகும். ஏறத்தாழ எட்டு விநாடி. அதன்பிறகு நீங்கள் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் மௌனம்தான். விரலை எடுத்து, நாடா திரும்பிப் போக ஒரு கணம் கொடுத்து, மறுபடியும் அழுத்தவேண்டும்.

நம் வீடுகளில் இருக்கும் சுருதிப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். கச்சேரி முடியும்வரை அது நிற்கவே கூடாது; நின்றால் பாடகர் திரும்பி முறைப்பார். மெலோட்ரோன் நின்றே ஆகவேண்டும். அதனால் அதை வாசிக்கிறவர்களின் கை தனியொரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறது. மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும்போதே ஒரு விரலை எடுத்து, அந்தச் சுரத்தை வேறோர் இடத்தில் போட்டு, அடுத்த விரலை எடுத்து, எட்டுக்கால் பூச்சி நடப்பதுபோல மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போவார்கள். எல்லா நாடாக்களும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடக் கூடாது அல்லவா? கேட்கிற நமக்கு அது ஓர் ஓயாத மூச்சாகத் தெரிகிறது. உண்மையில் பலபேர் முறைவைத்து மூச்சு வாங்குகிறார்கள்.

நாடாவை வட்டமாக ஒட்டிவிட்டால் நிற்காமல் ஓடுமே?

எங்கள் அலுவலகத்துக் கணினிப் பொறியியலாளர் இதைக் கேட்டபோது, தானே கண்டுபிடித்துவிட்டதுபோல முகம் மலர்ந்தது. ஓடும்தான். ஆனால் வட்டத்துக்குத் தொடக்கம் எது? வயலின் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உராய்வு, குழலில் ஊதும்போது சுரத்துக்கு முன்னால் வரும் 'ஃப்பூ' என்ற காற்று, இவைதான் இது இன்ன வாத்தியம் என்று காதுக்குச் சொல்கின்றன. வட்ட நாடாவில் எந்த இடத்தில் விழுவீர்கள் என்று தெரியாது. தொடக்கத்தைக் காப்பாற்றத்தான் முடிவை விலையாகக் கொடுத்தார்கள்.

1971இல் அமெரிக்காவின் மாட்டெல் என்ற பொம்மை நிறுவனம் ஒப்டிகன் என்றொரு வீட்டு ஆர்கனை விற்றது. அதில் ஒளியால் படிக்கப்படும் வட்டத்தகடு. சுரம் முடிவில்லாமல் சுற்றும். ஆனால் எந்தச் சுரத்துக்கும் பிறப்பு இருக்காது. எனக்கு அது பிடிக்கும், கொஞ்சம். காதல் இல்லை.

யார் கண்டுபிடித்தது? இங்கிலாந்தா, அமெரிக்காவா?

இதற்கு நேர்மையான பதில், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வேறு பெயரில் வளர்ந்த பிள்ளை என்பதுதான். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹரி சேம்பர்லின் 1940களின் பிற்பகுதியில், தான் ஆர்கன் வாசிப்பதை நாடாவில் பதிவுசெய்து கேட்டபோது இந்த யோசனையை எட்டினார்: பதிவுசெய்த ஒரு சுரத்தை ஒரு கட்டைக்கு அடியில் வைத்தால் என்ன? வீட்டில் உடுப்பு வைக்கும் சிற்றறையையே ஒலிப்பதிவு அறையாக்கி, லோரன்ஸ் வெல்க் இசைக்குழுவின் கலைஞர்களை அழைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கவைத்துப் பதிந்தார். அவருடைய வாத்தியத்தின் பெயரும் சேம்பர்லின்தான்.

அவருக்கு விற்பனையாளராக இருந்த பில் ஃபிரான்சன் என்பவர் 1962இல் இரண்டு சேம்பர்லின் வாத்தியங்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஒரே தரமான 70 ஹெட்டுகளைச் செய்து தரக்கூடியவர்களைத் தேடினார். பேர்மிங்ஹாமில் பிராட்மாட்டிக் என்ற பட்டறை நடத்திய ஃபிராங்க், நோர்மன், லெஸ் பிராட்லி என்ற மூன்று சகோதரர்கள் அகப்பட்டார்கள். வாத்தியம் தன்னுடைய யோசனை என்பதுபோலவே ஃபிரான்சன் பேசினார். சகோதரர்கள் நம்பி, அதைச் சீராக்கிச் செய்யத் தொடங்கினார்கள். பெயர் மெலோட்ரோன் ஆயிற்று. கலிஃபோர்னியாக்காரருக்கு விடயம் தெரியவந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னர் இரு தரப்பும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன.

சேம்பர்லினின் ஒலி தெளிவானது என்று வல்லுநர்கள் சொல்வார்கள். எனக்கோ திருட்டுப்பிள்ளையின் குரல்தான் பிடித்திருக்கிறது. அதற்காக ஹரி சேம்பர்லினிடம் மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இளவரசி ஒருவர் வீட்டில் இருந்ததாமே?

ஆம், இளவரசி மார்கரெட். நடிகர் பீட்டர் செல்லர்ஸிடமும் ஒன்று இருந்தது. பணக்கார வரவேற்பறைகளில் தனியொருவர் முழு நடனக்குழுவாக வாசித்து விருந்தினரை அசத்தவேண்டும் என்பதே முதலில் இதை விற்றவர்களின் கனவு. 1964இல் வந்த மார்க் 2 மாதிரியில் வலப்பக்கம் 35 கட்டை, இடப்பக்கம் 35 கட்டை. வலப்பக்கத்தில் தனி வாத்தியங்கள். இடப்பக்கத்தில் தாளங்களும் பின்னணிக் குழுக்களும். மொத்தம் 1,260 பதிவுகள். எடை ஏறத்தாழ 160 கிலோ. எங்கள் மாடிப்படியில் இதைத் தூக்கிவந்தால் முதலாம் மாடியிலேயே நட்பு முறிந்துவிடும்.

நீங்கள் முதலில் எங்கே கேட்டீர்கள்?

1990களின் தொடக்கத்தில். அப்போது பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் கொழும்பில் தெருவுக்குத் தெரு இருந்தன. ஆங்கிலப் பாட்டுக் கேட்பது பெரிய மனுசத்தனம் என்று நம்பிய வயது. பீட்டில்ஸ் பாட்டுகளாகப் போடச் சொல்லி ஒரு கேசட் வாங்கினேன். அதில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபோரெவர்' வந்தது. தொடக்கத்தில் குழல்போல ஒன்று வாசிக்கிறது. ஆனால் குழல் இல்லை. மழைக்கு ஊறிய சுவருக்கு அப்பால் யாரோ நான்கு பேர் ஊதுவதுபோல, சுருதி கொஞ்சம் தளும்பித் தளும்பி.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்பாவின் டேப் ரெக்கோடரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் வேலையால் வருமுன்னரே அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். குறுக்குத் தெருவொன்றில், கதவளவே அகலமான கடையில் ஒரு நானா வானொலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கேசட்டை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்து ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. மறுபடி ஓடவிட்டார். அதே தளும்பல். லாச்சியிலிருந்து தன்னுடைய கேசட் ஒன்றை எடுத்துப் போட்டார். நாகூர்ப் பாட்டொன்று, கோடு கிழித்ததுபோல நேராக ஓடியது. என்னுடையதைத் திரும்பப் போட்டார். தளும்பல்.

"தம்பி, பெட்டி ஆடவில்லை. பாட்டுத்தான் ஆடுகிறது" என்றார். காசு வாங்கவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியவரப் பல வருடங்கள் ஆயின. அந்தக் குழல் மெலோட்ரோன் மார்க் 2. வாசித்தவர் போல் மக்கார்ட்னி. பதிவு தொடங்கியது 1966 நவம்பரில். போதாக்குறைக்கு அந்தப் பாட்டு, வெவ்வேறு வேகத்தில் பதிந்த இரண்டு பதிவுகளை வேகம் மாற்றி ஒட்டித் தைத்தது. ஆட்டத்துக்குள் ஆட்டம். காதைச் சாய்த்த அரை நிமிடத்தில் நானா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த ஆட்டம் எங்கிருந்துதான் வருகிறது?

பல வாசல்களால் வருகிறது. நாடா தண்டின் மேல் ஓடும்போது வேகம் ஒரு மயிரிழை கூடிக்குறையும். கட்டைக்குக் கட்டை ரப்பர் உருளையின் பிடி வேறு. அதைத் திருகாணியால் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருப்பார்கள், எந்த இரண்டும் சரியாக ஒன்றுபோல் இராது. பத்து விரலையும் ஒரேயடியாக வைத்தால் மோட்டாருக்குப் பாரம் கூடிச் சுருதி இறங்கும். எம்400இன் ஆரம்பகால மோட்டார் கட்டுப்பாட்டுத் தட்டுகள் இதில் பேர்போனவை. விரலை அரைகுறையாக அழுத்தினால் நாடா ஹெட்டில் முழுதாகப் படியாமல் மங்கலாக, முனகலாக வரும்.

இவ்வளவும் இயந்திரத்தின் பங்கு. மனிதரின் பங்கு வேறு. 35 சுரங்களையும் வாசித்தவர்கள் 35 தடவை புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு சுரத்தில் வில் சற்றே அழுத்தமாக விழுந்திருக்கும். அடுத்ததில் களைப்பு. இன்னொன்றில் மூச்சு கடைசியில் நடுங்கியிருக்கும். நீங்கள் ஒரு மெட்டை வாசிக்கும்போது, ஒருவரையொருவர் கேட்காமல் வேறு வேறு நேரத்தில் வாசித்த அந்தத் துண்டுகள் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. சின்ட்டசைசரில் வரும் வயலின் எல்லாச் சுரத்திலும் ஒரே முகத்தோடு வரும். இங்கே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு முகம் உண்டு. நான் மயங்கியது அந்த முகங்களில்.

பிரபலமாக வாசித்தவர்கள் யார்?

முதலில் சொல்லவேண்டியவர் மூடி புளூஸ் குழுவின் மைக் பிண்டர். குழு தொடங்குமுன் மெலோட்ரோன் செய்யும் தொழிற்சாலையிலேயே பரிசோதகராக வேலை பார்த்தவர். ஒவ்வொரு திருகாணியையும் அறிந்த கை. இடப்பக்கத்துத் தாள நாடாக்களைக் கழற்றி வீசிவிட்டு, அங்கேயும் தனி வாத்திய நாடாக்களையே போட்டுக்கொண்டார். பீட்டில்ஸுக்கு இந்த வாத்தியத்தின்மேல் ஆசையை மூட்டியவரும் அவரே. 2024இல் காலமானார். கிங் கிரிம்சன் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பில் இயன் மக்டொனால்ட் வாசித்ததைக் கேட்டால், வரவேற்பறைப் பொம்மையாகப் பிறந்த இது எவ்வளவு பெரிய இருட்டைச் சுமக்கக்கூடியது என்பது தெரியும். ஜெனசிஸ், யெஸ், டாஞ்சரின் டிரீம் என்று பட்டியல் நீளும். எனக்குப் பட்டியல் போடுவதில் ஆசையில்லை.

கர்நாடக சங்கீதத்துக்கு இது உதவுமா?

உதவாது. கமகம் எங்கே வைப்பது? ஒரு கட்டையில் ஒரு சுரம் ஆணியடித்ததுபோல உட்கார்ந்திருக்கிறது. ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிப் போக வழியில்லை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதை இடக்கையால் அசைத்தால் எல்லாச் சுரமும் சேர்ந்து அசையும். கணினி மென்பொருளில் தோடி ராகத்தை அப்படி ஒருமுறை முயன்று பார்த்தேன். கடல்கொண்ட கப்பலில் கச்சேரி வைத்ததுபோல இருந்தது.

இந்தக் குற்றச்சாட்டு நமக்குப் புதிதும் இல்லை. ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது. 1971இல்தான் ஓரளவு தளர்த்தியது. அந்த முப்பத்தொரு வருடமும் ஊர்களில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இசைக்கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கவில்லையா?

கெடுக்கும் என்று பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அஞ்சி எதிர்த்தது. அச்சம் நியாயமானதே. ஒருநாள் கூலிக்கு வந்து ஒவ்வொரு சுரமாக வாசித்துவிட்டுப் போன வயலின்காரர், பின்னர் ஆயிரம் மேடைகளில் கூலியில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். இன்று கணினிக்குக் குரல் விற்றவர்கள் கேட்கும் கேள்வியை அன்றே கேட்டிருக்கிறார்கள். அந்த வாத்தியத்தை நேசிக்கிறவன் என்பதற்காக இந்தக் கணக்கை நான் மறைக்கமாட்டேன். கணக்கெழுதுவது என் தொழில். ஆனால் ஒன்று: மெலோட்ரோன் உண்மையான வயலின்களைப்போல ஒலிப்பதில் படுதோல்வி அடைந்தது. அசல் வயலின் வேண்டியவர்கள் வயலின்காரர்களையே அழைத்தார்கள். இதை வாங்கியவர்கள் இதற்காகவே வாங்கினார்கள்.

பிறகு ஏன் மறைந்துபோனது?

அமெரிக்காவில் விற்ற நிறுவனம் நொடித்தபோது பெயரின் உரிமையும் சேர்ந்து போயிற்று. 1977க்குப் பிறகு பிராட்லி சகோதரர்கள் அதே வாத்தியத்தை நோவட்ரோன் என்ற பெயரில் விற்கவேண்டியதாயிற்று. பிள்ளைக்கு இரண்டாம் முறையும் பெயர் மாறியது. பிறகு பதிந்த ஒலிகளை மின்னணு நினைவகத்தில் வைத்திருக்கும், நாடாவே இல்லாத சாம்பிளர்கள் வந்தன. சுருதி தவறவில்லை, எடை இல்லை, எட்டு விநாடியில் நிற்கவில்லை. 1986இல் தொழிற்சாலையை மூடினார்கள். எம்400 மாதிரியில் மொத்தம் ஏறத்தாழ 1,800தான் செய்யப்பட்டன. பின்னர் 1990களில் லெஸ் பிராட்லியின் மகன் ஜோன் பிராட்லியும் மார்ட்டின் ஸ்மித்தும் பழுதுபார்க்கும் வேலையை மீண்டும் தொடங்கினார்கள். 2007இல் எம்4000 என்று புதிதாக ஒன்றைச் செய்யவும் செய்தார்கள், நாடாவோடுதான்.

கொழும்பில் ஒன்றை வாங்கி வைத்திருக்கலாமா?

மின்சாரம் தடையில்லை. நமக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். செருகிகூட அதே மூன்று சதுரக் கால். தடை காற்றுத்தான். கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இரும்பு அலுமாரியின் பிணைச்சல் எத்தனை வருடம் தாங்கும் என்று. இங்கே 35 ஸ்பிரிங்குகள், 35 ஹெட்டுகள், ஒரு நீண்ட தண்டு. நாடாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என்னுடைய பழைய கேசட்டுகளைக் கடந்த மாரியில் எடுத்துப் பார்த்தபோது பாதிக்குமேல் வெள்ளைப் பூஞ்சணம். சிலவகை நாடாக்களில் காந்தத்தூளைப் பிடித்துவைத்திருக்கும் பசையே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் ஹெட்டில் பழுப்புக் களிம்பாக ஏறிக்கொள்ளும். குளிரூட்டியை இரவு பகலாகப் போட்டு வைக்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எம்400 55 கிலோ மட்டுமே என்று ஆசைகாட்டுவார்கள். அந்த 'மட்டுமே' என்ற சொல்லை மாடிப்படியில் வைத்து யோசிக்கவும்.

அப்படியானால் எப்படி வாசிப்பது?

அசல் நாடாக்களிலிருந்து எடுத்த ஒலிகள் இன்று கணினி மென்பொருளாகக் கிடைக்கின்றன. நோர்ட் நிறுவனத்தின் விசைப்பலகைகளிலும் இருக்கின்றன. மெலோட்ரோன் என்ற பெயரிலேயே எம்4000டி என்ற நாடா இல்லாத வாத்தியம் 2010இல் வந்தது. கிற்றார் வாசிப்பவர்களுக்கு இலெக்ட்ரோ ஹார்மொனிக்ஸின் மெல்9 என்ற மிதிப்பெட்டி 2016 முதல் உண்டு. நானும் மென்பொருளில்தான் தொடங்கினேன். 61 கட்டை விசைப்பலகை ஒன்றைக் கணினியோடு இணைத்திருக்கிறேன். அசல் மெலோட்ரோனைத் தொட்ட விரல் என்னுடையது இல்லை.

ஒரேயொரு புத்திமதி: மென்பொருளில் 'முடிவில்லாமல் ஒலி' என்று ஒரு தெரிவு இருக்கும். அணைத்துவிடுங்கள். எட்டு விநாடியில் நிற்கட்டும். கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

உங்கள் வீட்டிலிருந்து வருவது மெலோட்ரோன் இல்லையா?

இல்லை. அது பெரியம்மா.

பெரியம்மாவுக்கு 71 வயது. சின்ன வயதில் முறையாகப் பாட்டுப் படித்தவர். கல்யாணத்தோடு மேடை நின்றது, பாட்டு நிற்கவில்லை. மெலோட்ரோனைப் பற்றி நான் அவரிடம் கதைத்தபோது, "எட்டு விநாடிதானே? அந்த அளவுக்கு என்னிடமே மூச்சு இருக்கிறது" என்றார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்ளறையில் உட்காரவைத்தேன். மின்விசிறியை நிறுத்தவேண்டும், அதன் சத்தம் நாடாவில் ஏறும். யன்னலை மூடவேண்டும். ஏப்ரல் மாதம். ஒலிவாங்கிக்கு முன்னால் மெத்தையொன்றை நிமிர்த்தி வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவர் மடியில் கொடுத்தேன், விநாடிமுள்ளைப் பார்த்துப் பாடுவதற்கு. சுருதிப்பெட்டியின் சத்தம் பதிவில் விழாதிருக்கக் காதில் மட்டும் கேட்கும்படி செய்தேன். முதலில் கேசட்டில்தான் பதிந்தேன், அப்பாவின் அதே டேப் ரெக்கோடரில். நாடாவின் மணம் வேண்டும் என்ற என்னுடைய பிடிவாதம். பிறகுதான் கணினிக்கு மாற்றிக்கொண்டேன்.

கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை, ஒன்றும் விடாமல், பதினெட்டுச் சுரங்கள். இரண்டு ஞாயிறுகள் பிடித்தன. ஒவ்வொன்றும் 'ஆ' என்று தொடங்கி ஆறாவது விநாடியில் மெலிந்து, ஏழாவதில் சுருதி ஒரு நூல் இறங்கி, எட்டாவதில் காற்றாகிப் போகும். இடையிடையே சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?" என்று கேட்டார். கீழ்வீட்டுக்காரர் கேட்கிறார்.

சில இடங்களில் சுருதி விலகியிருக்கிறதே?

விலகியிருப்பது பெரியம்மா அல்லர், விசைப்பலகைதான். பியானோவில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமதுண்டுகளாக நறுக்கியிருக்கிறார்கள். ஒரு துண்டு 100 சென்ட் என்று கணக்கு. அந்தர காந்தாரம் அந்தக் கணக்கில் 400இல் நிற்கும். தம்பூராவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் இயல்பாக 386இல் போய் நிற்பார். பெரியம்மாவின் காந்தாரம் அங்கேதான் இருந்தது. அளந்து பார்த்து அசந்துபோனேன்.

ஆனாலும் கைவைக்காமல் இருக்கவில்லை. மென்பொருளைக் கொண்டு பதினெட்டையும் பியானோக் கணக்குக்கு இழுத்து நேராக்கினேன். வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, பெரியம்மாவைக் காணவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் வரும் யாரோ ஒருவர் மாதிரி. அன்றிரவே பழையதைத் திரும்பப் போட்டேன். இப்போது ச-க-ப சேர்த்துப் பிடித்தால் தேன். வேறு சில கூட்டுகளைப் பிடித்தால் பல் கூசும். எந்தக் கட்டைகளைச் சேர்த்துத் தொடக்கூடாது என்று கை பழகிவிட்டது.

ஒரு சுரத்தில் மட்டும் ஏதோ உறுமுகிறதே, அது என்ன?

கரையோர ரயில். எங்கள் தொடர்மாடிக்கும் கடலுக்கும் நடுவே மரைன் டிரைவும் தண்டவாளமும் மட்டுமே இருக்கின்றன. சுத்த மத்திமத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது விநாடியில், தெற்கே போகும் வண்டியொன்று வந்துவிட்டது. பெரியம்மா நிறுத்தவில்லை. மூடிய யன்னலுக்கு வெளியே அடிவயிற்று உறுமலாக அது வளர்ந்து, அவருடைய குரல் மெலியும் இடத்தில் பெரிதாகி, எட்டாவது விநாடியில் இரண்டும் சேர்ந்து அறுபடும்.

அதனால் நான் எந்த மெட்டை வாசித்தாலும் ம-வைத் தொட்டால் ரயில் வரும். தொட்டுத் தொட்டு எடுத்தால் வருவதற்குள் போய்விடும். மூன்று விநாடிக்குமேல் பிடித்தால்தான் வரும். மோகனத்தில் ம கிடையாது, ஆகவே வராது. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் எந்த வண்டி என்று மனைவியிடம் கேட்டாராம்.

திருத்தமாட்டீர்களா?

பெரியம்மாவும் இதையேதான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். "அப்பன், அந்த ம-வை அழித்துவிடு. யன்னலுக்குத் துணி அடைத்துவிட்டு நான் திருப்பிப் பாடித் தருகிறேன்." சென்ற கிழமை நான் வீட்டில் இல்லாத நேரத்தில் தானே யன்னல் இடுக்குகளில் பழைய சேலைத் துண்டுகளை அடைத்து, மெத்தையை நிமிர்த்தி, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுக்க மனம் வரவில்லை. பதிந்தேன். ரயில் வரவில்லை. எட்டாவது விநாடிவரை மூச்சு தாங்கவில்லை, ஆறிலேயே முடிந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ம-க்களையும் வேறு வேறு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது போடுவது ரயில் வரும் ம-வை.